பனிக்குட நீர் குறைந்ததற்குச் சாப்பாடுதான் காரணமா?

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 26. முதல் கர்ப்பம், 33 வாரம் ஆகிறது. திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஸ்கேன் எடுத்தபோது 'தண்ணி கொஞ்சம் கம்மியா இருக்கு' என்றார்கள். ரிப்போர்ட்டில் ஏ.எஃப்.ஐ. 7.2 என்றும், ஆழமான பாக்கெட் 3.1 செ.மீ. என்றும், குழந்தை எடை 1,900 கிராம் என்றும் போட்டிருக்கிறது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, கலக்கிக் குடிக்க ஒரு பவுடரும் எழுதிக்கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் ஒழுங்காகச் சாப்பிடாததால்தான் தண்ணீர் வற்றிப்போச்சு என்கிறார் அத்தை. முதல் ஐந்து மாதம் வாந்தியில் எதுவும் உள்ளே இறங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் அதிகம் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும், என் கால் வீக்கமும் கூடும் என்றும் அவரே சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தினமும் இளநீர் குடி என்கிறார். அம்மா போனில் நெருஞ்சில் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல்கிறார். எதைச் சாப்பிட்டால் தண்ணீர் கூடும்? டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளலாமா? இடுப்பு வலிக்கு அவ்வப்போது மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன், அதனால் ஒன்றும் இல்லையே? ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து திருநெல்வேலி பக்கம் அம்மா வீட்டுக்கு பஸ்ஸில் போகலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை. சாப்பாடு, இளநீர், வளைகாப்பு எல்லாம் அப்புறம் பார்ப்போம். இடுப்பு வலி மாத்திரை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

மெடிக்கலில் போய் இடுப்பு வலி என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இவற்றில் ஒன்று. கர்ப்பிணிக்கு என்று சொல்லாமல் கணவரை அனுப்பி வாங்கினால் கேட்கவே வேண்டாம். இந்த வகை மாத்திரைகள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போய்ச் சேரும். குழந்தையின் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும். சிறுநீர் குறையும், அதோடு பனிக்குட நீரும் குறையும். இதற்காகத்தான் 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 அக்டோபரில் எச்சரிக்கை வெளியிட்டது. வழக்கமாகச் சில நாட்களோ சில வாரங்களோ தொடர்ந்து போட்டால்தான் நீர் குறையும். அபூர்வமாக இரண்டே நாளில் குறைந்ததும் உண்டு. அதோடு, 30 வாரம் தாண்டியபின் இவற்றைப் போட்டால், பிறக்கும் வரை திறந்திருக்க வேண்டிய, குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கிவிடும் அபாயமும் இருக்கிறது.

நீங்கள் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. வெறும் பாராசிட்டமாலாகவும் இருக்கலாம். அதை டாக்டர் சொன்ன அளவில் போடுவதில் தப்பில்லை. ஆனால் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை முழுக்கப் படியுங்கள். பாராசிட்டமால் என்று முதலில் போட்டுவிட்டு, கூடவே டைக்ளோஃபெனாக்கோ அசெக்ளோஃபெனாக்கோ சேர்த்த மாத்திரைகள் நிறைய இருக்கின்றன. பெண்கள் ஏமாறுவது இங்கேதான். இடுப்பில் தேய்க்கிற ஜெல், ஸ்ப்ரே எல்லாவற்றிலும் இதே மருந்து இருக்கலாம். அட்டை இல்லாவிட்டால் மருந்துக் கடையில் பில்லைக் கேட்டு வாங்கியாவது டாக்டரிடம் காட்டுங்கள். இன்றோடு அந்த மாத்திரையை நிறுத்துங்கள். நிறுத்தியபின் பெரும்பாலானவர்களுக்கு நீர் மறுபடி கூடிவிடும்.

படிக்கிற மற்றவர்களுக்கு இரண்டு விஷயம். ரத்தக்கொதிப்பு வராமல் தடுக்க டாக்டரே எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரின் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. அது வேறு கணக்கு. கர்ப்பத்துக்கு முன்பே பி.பி.க்கு எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை மாற்றாமல் தொடர்ந்தால் அதுவும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அவர்கள் இன்றே டாக்டரைப் பார்த்து மாற்று மாத்திரை வாங்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருவோம். சாப்பாடு குறைந்ததால் தண்ணீர் வற்றியதா என்றால், இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை இங்கேயே இறக்கிவைத்துவிடுங்கள். காரணத்தையும் சொல்கிறேன், அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள்.

கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில் பனிக்குடத்துக்குள் இருப்பது பெரும்பாலும் அம்மாவின் ரத்தத்திலிருந்து ஊறிவந்த நீர். 10, 11 வாரத்தில் குழந்தையின் சிறுநீரகம் வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஐந்தாம் மாதம் நெருங்கும்போது பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். நுரையீரலிலிருந்தும் கொஞ்சம் சுரக்கும். குழந்தை அந்த நீரையே விழுங்கும், மறுபடி சிறுநீராக விடும். நிறைமாதத்தில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறது, அரை லிட்டர் அளவுக்கு விழுங்குகிறது. தொட்டியில் பிடித்துவைத்த தண்ணீராக இதை நினைக்காதீர்கள். இறைக்க இறைக்க ஊறும் ஊற்றுக்கிணறு மாதிரி, நாளுக்கு நாள் புதிதாக ஊறிக்கொண்டே இருக்கிறது. 34 முதல் 36 வாரத்தில் மொத்தம் 800 மில்லி அளவுக்கு இருக்கும். அதற்குப் பிறகு இயல்பாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், நாள் தள்ளிப்போனால் இன்னும் குறையும்.

ஆகவே, நீர் குறைவு என்று ஸ்கேனில் வந்தால் நாங்கள் யோசிப்பது தட்டில் என்ன இருந்தது என்பதை அல்ல. குழந்தை ஏன் குறைவாகச் சிறுநீர் கழிக்கிறது, அல்லது நீர் எங்காவது கசிகிறதா என்பதைத்தான். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைந்தால், குழந்தை இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட்டுக்கொள்ளும். சிறுநீரகத்துக்குப் பங்கு குறையும். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு இருந்தால் இப்படி நடப்பது அதிகம். பனிக்குடத்தில் சிறு கீறல் விழுந்து நீர் கசியலாம். குழந்தையின் சிறுநீரகத்திலோ சிறுநீர்ப் பாதையிலோ பிறவிக் குறை இருக்கலாம். இது பெரும்பாலும் ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே தெரிந்துவிடும், அந்த ரிப்போர்ட்டை எடுத்து 'கிட்னி நார்மல்' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை பற்றிச் சொல்லிவிட்டேன். அம்மாவின் உடம்பில் நீர்ச்சத்து குறைவதும் ஒரு காரணம். எதுவுமே கண்டுபிடிக்க முடியாமல், குழந்தை நன்றாக இருந்து, நீர் மட்டும் கொஞ்சம் குறைவாக இருப்பதும் சாதாரணமாகப் பார்ப்பதுதான். முதல் ஐந்து மாத வாந்திக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. அப்போது நீங்கள் சாப்பிட முடியாமல் கிடந்ததற்கும் இன்றைய 7.2-க்கும் சம்பந்தம் இல்லைம்மா.

அந்த 7.2 என்ன எண் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர் எவ்வளவு ஆழம் என்று அளந்து கூட்டினால் வருவது ஏ.எஃப்.ஐ. 5 அல்லது அதற்குக் கீழே போனால் நீர் குறைவு. 5-க்கும் 8-க்கும் நடுவில் இருந்தால் எல்லைக்கோட்டில் இருக்கிறது என்போம். நீங்கள் இருப்பது அங்கே. இன்னொரு முறையும் உண்டு. இருப்பதிலேயே ஆழமான ஒரே இடத்தை மட்டும் அளப்பது. அது 2 செ.மீ.க்குக் கீழே போனால்தான் குறைவு. உங்களுக்கு 3.1. அந்தக் கணக்குப்படி உங்கள் நீர் இயல்பான அளவிலேயே இருக்கிறது. இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில், நான்கு பகுதிக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் 'குறைவு' என்ற முத்திரையும், வலி வரவைத்துப் பிரசவம் பார்ப்பதும்தான் கூடுகிறது, குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் நன்மை இல்லை என்று தெரிந்தது. நான் ஆழமான பாக்கெட்டின் அளவையே அதிகம் நம்புகிறேன். ஸ்கேன் செய்பவர் கருவியை அழுத்தும் விதம், குழந்தை படுத்திருக்கும் நிலை, நடுவே தொப்புள்கொடி வருவது, இதனாலெல்லாம் ஒரே நாளில்கூட எண் கொஞ்சம் மாறும். குழந்தை எடை 1,900 கிராம் என்பதும் 33 வாரத்துக்கு ஏற்ற எடைதான். எனவே அவசர நிலை எதுவும் இல்லை. ஆனால் கண்காணிக்க வேண்டிய நிலை.

அடுத்தது தண்ணீர். உங்கள் கையில் இருப்பதில் உண்மையாகவே பலன் தருவது இது ஒன்றுதான். நீர் குறைவாக இருந்த கர்ப்பிணிகளை இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், ஏ.எஃப்.ஐ. சராசரியாக 2 செ.மீ. அளவுக்குக் கூடியது. வெறும் தண்ணீர்தான், வேறு எதுவும் இல்லை. தண்ணீர் குடிக்கும்போது அம்மாவின் ரத்தம் கொஞ்சம் நீர்த்துப்போகும். அந்த நீர் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், குழந்தை கூடுதலாகச் சிறுநீர் கழிக்கும். நீர்ச்சத்துக் குறைவு காரணமாக இருந்தால் இதிலேயே சரியாகிவிடும். நஞ்சுக்கொடியில் கோளாறு என்றால் தண்ணீர் மட்டும் அதைச் சரிசெய்யாது.

இதே காரணத்தால்தான் டிரிப்ஸ் வேண்டாம் என்கிறேன். நம் ஊரில் வழக்கமாக ஏற்றுகிற நார்மல் சலைன், ரிங்கர் லாக்டேட் பாட்டில்களில் இருக்கும் உப்பின் செறிவு ரத்தத்தோடு ஒத்துப்போகும் அளவில் இருக்கிறது. அது ரத்தத்தை நீர்க்கச் செய்யாது. அப்படிப்பட்ட டிரிப்ஸ் ஏற்றிப் பார்த்த ஆய்வில் பனிக்குட நீர் குறிப்பிட்டுச் சொல்லும்படி கூடவில்லை. வாயால் குடிக்க முடிகிற ஒரு பெண்ணுக்கு நரம்பில் ஊசி குத்திப் பணம் செலவழித்து ஏற்றுவதைவிட ஒரு சொம்புத் தண்ணீர் நல்லது. வாந்தி பேதியில் குடிக்கவே முடியாமல் இருப்பவர்களுக்குத்தான் டிரிப்ஸ் வேண்டும்.

பவுடர் பாக்கெட், அனேகமாக எல்-ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சேர்த்ததாக இருக்கும். சிறு ஆய்வுகளில் கொஞ்சம் பலன் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டாயம் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்கிற அளவுக்கு ஆதாரம் வலுவாக இல்லை. உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார், வாங்க வசதி இருந்தால் குடியுங்கள். கையில் காசு இல்லாத மாதத்தில் பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டு அந்த பாக்கெட்டை வாங்காதீர்கள்.

எவ்வளவு தண்ணீர்? ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர். மோர், ரசம், கஞ்சி, பால் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஒரே மூச்சில் ஒரு பாட்டிலைக் கவிழ்த்தால் உடனே சிறுநீராகப் போய்விடும், குமட்டலும் வரும். மணிக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். ஐந்து லிட்டர், ஆறு லிட்டர் என்று போட்டி போட்டுக் குடிக்க வேண்டாம், ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து அது வேறு தொல்லையாகும். இதய நோய், சிறுநீரகக் கோளாறு, கர்ப்ப கால ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் தங்கள் டாக்டர் சொல்லும் அளவைத்தான் குடிக்க வேண்டும்.

அத்தையின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர் உங்கள்மேல் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் இதில் உண்மை இல்லை. அம்மா குடிக்கும் தண்ணீரால் குழந்தைக்குச் சளி பிடிக்காது. சளி வைரஸ் கிருமியால் வருவது, பானைத் தண்ணீரால் அல்ல. கால் வீக்கமும் தண்ணீர் குடிப்பதால் வருவதில்லை. கனத்த கருப்பை கால்களிலிருந்து மேலே ஏறும் ரத்தத்தை அழுத்துவதால் வருகிறது. நாள் முழுக்கக் கடையில் நின்றால் கூடும். தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் வடியாது, பனிக்குட நீர்தான் குறையும். ஆனால் வீக்கம் முகத்திலும் கையிலும் வந்தால், தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால், உடனே பி.பி. பார்க்க வேண்டும். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் என்றால் தாமதிக்கக் கூடாது.

அம்மா சொன்ன நெருஞ்சில் கஷாயம் இந்த வீக்கத்தை நினைத்துத்தான் என்று நினைக்கிறேன். நெருஞ்சில், நீர்முள்ளி, சிறுபீளை எல்லாமே சிறுநீரைப் பிரித்து வெளியேற்றுவதற்காகக் கொடுப்பவை. உங்களுக்கு இப்போது வேண்டியது உடம்பில் நீர் தங்குவது. நீரை இறக்கும் கஷாயம் இந்தச் சமயத்தில் வேண்டவே வேண்டாம். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்.

இளநீர் நல்லது, தினமும் ஒன்று குடிக்கலாம். ஆனால் அதில் பனிக்குட நீரைக் கூட்டும் தனிச்சத்து ஏதும் இல்லை. பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் சர்க்கரை. இளநீர் விலைக்கு வாங்க முடியாவிட்டால் உப்புப் போட்ட நீர்மோர் அதே வேலையைச் செய்யும். ஜூஸ், ரஸ்னா, சர்பத் என்று இனிப்பாகக் குடித்துத் தண்ணீரைக் கூட்டப் பார்க்காதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை 140-க்குக் கீழே இருந்ததா என்று உங்கள் மகப்பேறு அட்டையைப் பாருங்கள். கடைசி மூன்று மாதத்தில் அந்தப் பரிசோதனை மறுபடி செய்யவில்லை என்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் யாரும் கர்ப்பிணியிடம் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கிறேன். உங்கள் கடையில் நீங்கள் நினைத்த நேரத்தில் போகிற மாதிரி கழிப்பறை இருக்கிறதா? என்னிடம் வரும் ஜவுளிக்கடைப் பெண்களும், மில் பெண்களும், வயல் வேலை பார்ப்பவர்களும் தண்ணீர் குடிக்காததற்குச் சொல்லும் காரணம் தாகமின்மை அல்ல. குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை, அல்லது சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு வீடு திரும்பும் வரை ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு வாயை நனைக்கிறார்கள். சிறுநீரை அடக்கினால் தொற்று வரும், தொற்று வந்தால் குறைமாதப் பிரசவம் வரை போகலாம். இப்படி ஒரு பெண்ணிடம் 'நிறையத் தண்ணீர் குடி' என்று எழுதிக்கொடுத்துவிட்டு மருத்துவம் முடிந்தது என்று நான் நினைக்க மாட்டேன்.

உங்களுக்கு இரண்டு சட்டங்கள் துணை இருக்கின்றன. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அதோடு, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், கடந்த 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்த பெண்ணுக்குச் சம்பளத்தோடு 26 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு 33 வாரம். அதாவது, அந்த விடுப்பை இன்றே தொடங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த அலுவலகம் வழியாகப் பணம் வரும். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். வெயில் காலத்தில் இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் செய்து 2024-ல் வெளியான ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு போன்ற பாதிப்புகளின் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அந்தப் பெண்களில் பலருக்கு விடுப்பு என்ற வார்த்தையே எட்டாதது என்பது என்னை வருத்துகிறது.

வீட்டில் ஓய்வு எடுங்கள் என்றால் இருபத்து நாலு மணி நேரமும் படுக்கையில் கிடப்பதைச் சொல்லவில்லை. அப்படிக் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். மதியம் இரண்டு மணி நேரம் பக்கவாட்டில், முடிந்தால் இடது பக்கமாகப் படுங்கள். மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். மற்ற நேரம் வழக்கம்போல நடமாடுங்கள். இடுப்பு வலிக்கு முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துப் படுப்பதும், வெந்நீர் ஒத்தடமும் மாத்திரையைவிட நன்றாகவே கேட்கும். வலி விட்டுவிட்டு ஒரே சீராக வந்தால் அது இடுப்பு வலி அல்ல, பிரசவ வலியாக இருக்கலாம், உடனே போங்கள்.

இனி சாப்பாடு. பனிக்குடத்தை நிரப்பும் உணவு என்று எதுவும் கிடையாது. ஆனால் குழந்தை வளர்வதற்கும், பிரசவத்தில் ரத்தம் போனால் நீங்கள் தாங்குவதற்கும் சாப்பாடு வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட 350 கலோரியும், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும். இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று சோற்றைக் குவிப்பதால் இது கிடைக்காது. இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம், இரண்டு டம்ளர் பாலில் 12 கிராம். கணக்கு முடிந்துவிட்டது. முட்டை சாப்பிடாத வீட்டில் சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும், மதியம் கெட்டிப் பருப்பும் தயிரும். மீன் பிடிக்கும் என்றால் மத்தி, நெத்திலி மாதிரிச் சிறு மீன் வாரம் இரண்டு முறை. சுறா மட்டும் பிரசவத்துக்கு முன் வேண்டாம், பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். சுரைக்காய், புடலங்காய், பூசணி, வெள்ளரி எல்லாம் தண்ணீரையும் சேர்த்தே கொண்டுவரும். காலையில் கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் குடித்தால் நீரும் கால்சியமும் ஒன்றாக இறங்கும்.

இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், ஒன்று மற்றதைச் சேரவிடாது. இரும்பு மாத்திரை போட்டதும் டீ, காபி வேண்டாம், எலுமிச்சை சாறு நல்லது. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுதவில்லை. கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கி மாட்டுக்குப் போடாமல் உருண்டை பிடித்தோ கஞ்சி வைத்தோ சாப்பிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பதிந்திருந்தால் ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு முறை கிடைக்கும். கிராம சுகாதார செவிலியரிடம், கர்ப்பத்தைப் பதிந்தபோது கிடைத்த பிக்மி எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். வலி மாத்திரை விஷயம் உங்கள் டாக்டருக்குத் தெரியாமல் அந்த இரண்டு வாரக் கணக்கு போடப்பட்டிருக்கிறது. இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் நன்றாகத் தண்ணீர் குடித்தபின் ஸ்கேன் எடுக்கட்டும், அதில் டாப்ளரும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்பது நீரின் அளவைவிட முக்கியமான தகவல். உங்கள் ரிப்போர்ட்டில் அது பற்றி ஒன்றும் இல்லை. டாப்ளர் நன்றாக இருந்து, எடையும் ஏறி, பாக்கெட் 2-க்கு மேலேயே இருந்தால் நிறைமாதம் வரை காத்திருக்கலாம். 2-க்குக் கீழே போய்விட்டால் 36, 37 வாரத்தில் பிரசவம் பார்த்துவிடுவது வழக்கம். அப்போதும் ஆபரேஷன்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணித்துக்கொண்டே சுகப்பிரசவத்துக்கு முயலலாம். நீர் குறைவாக இருக்கும்போது தொப்புள்கொடி நசுங்கித் துடிப்பு இறங்கினால்தான் ஆபரேஷன் தேவைப்படும்.

அதுவரை தினமும் குழந்தையின் அசைவை எண்ணுங்கள். சாப்பிட்டபின் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு எண்ணினால், இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவு வர வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடும். வரவில்லை என்றாலும், வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கிறது என்று உங்கள் மனசுக்குப் பட்டாலும், அன்றே ஆஸ்பத்திரி. இனிப்பு சாப்பிட்டுப் பார்க்கலாம், காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். உள்ளாடை நனைகிற மாதிரி நீர் கசிந்தால், அது சிறுநீரா வெள்ளைப்படுதலா என்று நீங்களே யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு சுத்தமான நாப்கினை வைத்துக்கொண்டு நேராகப் போங்கள், பரிசோதித்து உடனே சொல்லிவிடுவார்கள். ராத்திரி வண்டி இல்லை என்றால் 108.

கடைசியாக, வளைகாப்பும் அம்மா வீடும். வளைகாப்பைத் தாராளமாக வையுங்கள், ஆனால் புழுக்கமான மண்டபத்தில் பட்டுப்புடவையோடு மூன்று மணி நேரம் உட்காரவைக்காமல், காலை நேரத்தில் வீட்டளவில் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் யாரும் தடை சொல்லக் கூடாது. திருநெல்வேலிப் பயணம் அடுத்த ஸ்கேனைப் பொறுத்தது. நீர் கூடியிருந்து டாப்ளரும் நன்றாக இருந்தால் 36 வாரத்துக்கு முன்பே போய்விடுங்கள். பஸ்ஸைவிட ரயில் நல்லது, கழிப்பறை இருக்கும், எழுந்து நடக்கலாம். இதுவரை எடுத்த எல்லா ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் ஒரு பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போன மறுநாளே, பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் பதிந்துவிடுங்கள். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்த வசதி இருக்கிறது. நீர் இன்னும் குறைந்திருந்தால் பயணம் வேண்டாம். அம்மா திண்டுக்கல்லுக்கு வந்து உங்களோடு தங்கட்டும், அத்தையிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஸ்கேன் முடிவு கைக்கு வருவதற்கு முன் டிக்கெட் எடுக்காதீர்கள்.